மஞ்சள் மாத்திரையும் மழலைச் செல்வமும்



இம்மாதம் இப்பகுதியில் இரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைப்பதைப் பொறுத்தருள வேண்டும். குரங்கணியிலிருந்து என்னிடம் வந்த ஒரு குடும்பத்தாரின் அனுபவம் உடனே எழுதப்பட வேண்டியது என்று தோன்றியது. அவர்களுடைய இசைவோடுதான் எழுதுகிறேன். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏலமலைச் சரிவின் அடியில், போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் குரங்கணி. நூறாண்டுகளுக்கு முன் மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கி வந்த பக்கம் அது. 2018 மார்ச் மாதம் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டபோது அவ்வூரின் பெயரை நாடே கேட்டது. அங்கே கடை வைத்திருக்கும் 32 வயது இளைஞர் ஒருவர், தம் தாயாருடனும் மனைவியுடனும் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். பேசியதெல்லாம் தாயார்தான்.

"தம்பி, நிக்காஹ் முடிஞ்சு நாலு வருஷம் ஓடிப்போச்சு. மருமகளுக்கு ஒரு புழு பூச்சி தங்கலை. தேனி, மதுரைன்னு நாங்க பார்க்காத டாக்டர் இல்லை. சொந்தக்காரங்க எல்லாம் பையனுக்கு வேற இடம் பார்க்கச் சொல்றாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

மருமகள் தலையைக் குனிந்து அமர்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு தடித்த கோப்பு. அதில் வயிற்று ஸ்கேன்கள், ஹார்மோன் சோதனைகள், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே என நான்காண்டுச் சோதனைகள் அத்தனையும் இருந்தன. எல்லாம் சரியாகவே இருந்தன. கணவருடைய சோதனை என்று ஒரு தாள்கூட இல்லை. கேட்டேன். "அவனுக்கு என்ன தம்பி குறை? மலை ஏறி இறங்குற பையன்" என்றார் தாயார்.

பெண்கள் இருவரையும் வெளியே அமரச் சொல்லிவிட்டு, அந்த இளைஞரிடம் ஏதேனும் மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மஞ்சள் நிற மாத்திரைகள். ஏழாண்டுகளுக்கு முன் அவருக்கு இரத்தமும் சீதமுமாக ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து முறை வயிற்றுப்போக்கு. மூலம் என்று சிலர், சீதபேதி என்று சிலர் வைத்தியம் செய்திருக்கிறார்கள். கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் குழாய் செலுத்திப் பார்த்துப் பெருங்குடல் அழற்சிப் புண் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அன்று முதல் காலையில் மூன்று, இரவில் மூன்று என்று இந்த மாத்திரை. நோயும் அடங்கிவிட்டது. பெண் வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று தாயார் தடுத்திருக்கிறார். மனைவியிடம் 'சத்து மாத்திரை' என்று சொல்லி நான்காண்டுகளை ஓட்டியிருக்கிறார்.

அந்த மாத்திரையின் பெயர் சல்ஃபசலசின். அவருடைய விந்துச் சோதனையின் முடிவு இரண்டு நாட்களில் வந்தது. ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் உயிரணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு கீழ்வரம்பாகக் கூறுகிறது. இவருக்கு இருந்தது 40 இலட்சம். அவற்றிலும் நீந்திச் செல்லும் வலிமை பெற்றவை சொற்பம். பல உருமாறியவை.

இந்நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல், தன் குடலின் உட்சுவரையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதால் வரும் நாட்பட்ட அழற்சி இது. இதில் இரண்டு வகை முக்கியமானவை. பெருங்குடலின் உட்படலத்தோடு நிற்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சிப் புண். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியதும், குடற்சுவரை ஆழமாகத் துளைப்பதும் கிரோன் நோய். 1932இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோன் தம் தோழர்கள் இருவருடன் சேர்ந்து அதை விவரித்து எழுதியதால் அப்பெயர். இரண்டும் பிறருக்குத் தொற்றுவதில்லை. வெள்ளையர் நாட்டு நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது, இன்று நம் ஊர்களிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. வேருடன் களையும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். ஆகவே மருந்து பல்லாண்டுக் கணக்கில் தொடர்கிறது. பக்கவிளைவு என்ற பேச்சு இந்நோயில் இத்தனை முக்கியமாவதும் இதனால்தான். மூன்று நாள் காய்ச்சல் மாத்திரைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

சல்ஃபசலசினின் வரலாறு சுவையானது. 1930களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாதத்திற்கென்று உருவாக்கச் செய்த மருந்து இது. குடல் அழற்சியிலும் நன்றாக வேலை செய்வது விரைவில் தெரிந்தது. ஆஸ்பிரினுக்கு உறவான ஒரு பொருளையும், சல்ஃபா வகைப் பொருளொன்றையும் பிணைத்துச் செய்தது அது. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் வண்டியை இழுப்பது எது, வெறுமனே கூட நடப்பது எது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் நம் அண்டை நாடான வங்கதேசத்தைச் சேர்ந்த மருத்துவர் ஏ.கே. ஆசாத் கான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்ற பெரும் மருத்துவரிடம் ஆய்வு செய்து கொண்டிருந்தபோது, நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழு மருந்தையும், மற்ற இரு பிரிவினருக்கும் அதன் இரு பாகங்களைத் தனித்தனியாகவும் எனிமா மூலம் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார். முழு மருந்தைப் பெற்றவர்களும் ஆஸ்பிரின் உறவுப் பொருளைப் பெற்றவர்களும் குணமடைந்தனர். சல்ஃபாவை மட்டும் பெற்றவர்களுக்குப் பெரிதாகப் பயனில்லை. 1977இல் லான்செட் இதழில் இம்முடிவு வெளிவந்தது. பிற்காலத்தில் வங்கதேச நீரிழிவுச் சங்கத்தின் தலைவராகிப் பெரும்பணி ஆற்றியவரும் இவரே. எளிய கேள்வி, எளிய சோதனை. ஆனால் அதன் பயனாகவே சல்ஃபா இல்லாத மெசலசின் மாத்திரைகள் பிறந்தன.

மருந்தின் வேலையைச் செய்யாத அந்த சல்ஃபாதான் தொல்லைகளில் பெரும்பாலானவற்றிற்குக் காரணம். அது குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை அளவைப் பொறுத்து வருபவை. உணவுக்குப் பின் சாப்பிட்டாலோ மருத்துவர் அளவைக் குறைத்தாலோ தணிந்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது தீங்கற்றது. தோலில் தடிப்பு, வாய்ப்புண்ணுடன் காய்ச்சல், தொண்டை வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கக் கூடும். சல்ஃபா ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஆண்களின் உயிரணுக்களை இம்மருந்து குறைக்கிறது என்பது 1979இலேயே மருத்துவ இதழ்களில் வெளிவந்த செய்தி. அரை நூற்றாண்டை நெருங்கும் பழைய செய்தி அது. அப்படியிருந்தும், திருமண வயதில் உள்ள ஓர் இளைஞருக்கு ஏழாண்டுகள் அதை எழுதித் தந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்ட நெரிசலில் மறந்திருக்கலாம், கூச்சப்பட்டிருக்கலாம். எதுவாயினும் நான் இதை ஒப்பவில்லை. ஒரு நிமிடப் பேச்சு அது. அந்தப் பேச்சு இல்லாததால் ஒரு பெண் நான்காண்டுகள் 'மலடி' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாள்.

இதில் மூன்று செய்திகளை அந்த இளைஞரிடம் கூறினேன். இது ஆண்மைக் குறைவு அன்று, இல்லற வாழ்வுக்கு இதனால் தடையில்லை. இது நிரந்தரமும் அன்று, மருந்தை மாற்றிய இரண்டு மூன்று மாதங்களில் உயிரணுக்கள் மீளும். புதிய உயிரணு ஒன்று உருவாகி முதிர்வதற்கே ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கிறது. மூன்றாவது செய்தியை இருமுறை சொன்னேன். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடங்கிக் கிடக்கும் நோய் மீண்டும் எழும். எழுந்த நோய் மருந்தைவிடக் கொடியது. இரத்தப்போக்கில் தொடங்கிச் சில சமயம் பெருங்குடலையே அறுத்து எடுக்க வேண்டிய நிலை வரை கொண்டு செல்லும். ஆகவே குடல்நோய் நிபுணரைக் கொண்டு சல்ஃபசலசினுக்குப் பதில் மெசலசினுக்கு மாறச் செய்தோம். விலை சற்றுக் கூடுதல். அதற்கும் ஒரு காவல் உண்டு. அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சிலருக்கு இந்த மருந்தே ஒவ்வாமல் வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். அதை நோயின் சீற்றம் என்று தவறாக எண்ணி அளவைக் கூட்டிவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

சல்ஃபசலசின் சாப்பிடும் பெண்கள் கருத்தரிப்பதில் இப்படி ஒரு தடை இல்லை. ஆனால் உணவிலுள்ள ஃபோலிக் அமிலம் என்ற சத்தை உடல் ஏற்பதை இது குறைக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் தண்டுவடம் நன்கு உருவாக அச்சத்து இன்றியமையாதது. ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்தே தரப்படும். இந்த ஃபோலிக் அமிலத்தை 1940களில் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய அமெரிக்கக் குழுவின் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் தம் சகோதரர்களை இழந்தவர் அவர்.

அதே ஆய்வுக்கூடத்திலிருந்துதான் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் வந்தது. கிரோன் நோயில் அது பயன்படுகிறது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதே அதன் குணம். எனவே கருவுற்ற பெண்ணுக்கு அது நஞ்சு. கருத்தரிக்க விரும்பும் பெண், மருத்துவரின் ஆலோசனையுடன் சில மாதங்களுக்கு முன்பே அதை விட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும். இன்னொன்று, இது வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

மற்ற மருந்துகளுக்கும் வருகிறேன். நோய் சீறி எழும்போது அணைக்க உதவுவது ஸ்டீராய்டு, அதாவது பிரட்னிசொலோன். முன்னர் குறிப்பிட்ட ட்ரூலவும் அவருடைய தோழர் விட்ஸும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டிசோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் தணிந்தது. பெறாதவர்களில் தணிந்தது நூற்றுக்கு 16 பேருக்குத்தான். உயிர் காத்த மருந்து அது. ஆனால் தங்க விடக் கூடாத விருந்தாளி. முகம் நிலவுபோல் உப்பும், பசி பெருகும், உறக்கம் கெடும், காரணமின்றிச் சினம் வரும். நீண்ட நாள் தொடர்ந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும்.

திருமணத்திற்கு மூன்று வாரம் இருக்கையில் முகம் உப்பியதைக் கண்டு அஞ்சி, இம்மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்ட மணப்பெண் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மயக்கமுமாக, அரை நினைவில் தூக்கி வந்தார்கள். வாரக்கணக்கில் இம்மருந்தைச் சாப்பிடும்போது, இயல்பாக அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் உறங்கிவிடும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடலில் எதுவுமே இருக்காது. மருத்துவர் எழுதித் தரும் கணக்குப்படி வாரா வாரம் சிறிது சிறிதாகக் குறைத்தே விட வேண்டும். இதற்கு மாறாக, நன்றாக இருக்கிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவோரும் உண்டு. இரண்டுமே தவறு.

மலைத்தோட்டங்களில் வேலை செய்வோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவர்களின் தோல் வழியே நுழையும் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற சிறு புழு, குடலில் பல்லாண்டுகள் ஓசையின்றி வாழும். ஸ்டீராய்டு உள்ளே சென்றதும் தடுப்பாரின்றிப் பெருகி உடலெங்கும் பரவிவிடக் கூடும். 'நான் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே சோதித்துப் பூச்சி மருந்து தர அவருக்கு அது போதும்.

ஸ்டீராய்டிலிருந்து விடுபடுவதற்காகத் தரப்படுவது அசதயோப்ரின். பலருக்கு நன்கு ஒத்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் வெள்ளணுக்களைச் சரசரவென்று வீழ்த்திவிடும். ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடம் இவ்வாறு நேர்வது ஏன் என்பதற்கான மரபணுக் காரணத்தை 2014இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தொடங்கிய சில வாரங்களிலேயே கொத்துக் கொத்தாகத் தலைமுடி உதிர்ந்தால் அது எண்ணெய் மாற்ற வேண்டிய விஷயமன்று. அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் வாரம் ஒருமுறையும் பின்னர் மாதக்கணக்கிலும் சோதனை தேவை. மலையிலிருந்து இறங்கிப் போடிக்கு வந்து இரத்தம் கொடுத்துத் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நான் அறிவேன். அதனால்தான் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அப்படி வர இயலாது என்றால் மருந்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது மேல். மூட்டில் யூரிக் அமிலம் சேர்வதற்கு அல்லோபியூரினால் சாப்பிடுபவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அசதயோப்ரினின் நச்சுத்தன்மை பன்மடங்காகும்.

இன்ஃப்ளிக்சிமாப் போன்ற விலையுயர்ந்த ஊசிகள் 1998 முதல் இந்நோய்க்குப் பயன்படுகின்றன. உடலில் உறங்கும் காசநோயை அவை எழுப்பிவிடும் என்பது 2001இல் தெளிவாயிற்று. காசநோய் மலிந்த நம் நாட்டில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உரிய சோதனைகளும் இன்றி அந்த ஊசியை ஏற்கக் கூடாது. வீட்டில் எவருக்கேனும் எப்போதேனும் காசநோய் வந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

முதுகுவலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபென் மாத்திரைகள் அடங்கிய குடல் அழற்சியைச் சிலருக்கு மீண்டும் கிளப்பிவிடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. நோய் அடங்கியிருப்பவர்கள் மாத்திரைகளை சஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றிக்கொள்ள இயலுமா என்று ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரத்தப்போக்கு உள்ளவர்களும் ஸ்டீராய்டை அதிக அளவில் சாப்பிடுபவர்களும் நோன்பு நோற்று உடலைக் குலைத்துக்கொள்ளக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, நலம் பெற்றபின் கழாச் செய்துகொள்ளலாம். மாத்திரையை ரகசியமாக விட்டுவிட்டு நோன்பு நோற்பவர்கள்தான் பெருநாளன்று மருத்துவமனையில் இருக்கிறார்கள்.

குரங்கணிக் குடும்பத்திற்குத் திரும்புகிறேன். சோதனை முடிவு வந்த அன்று, மனைவியிடம் உண்மையைச் சொல்வது உங்கள் பொறுப்பு, நான் சொல்ல மாட்டேன் என்று அந்த இளைஞரிடம் கூறினேன். அரை மணி நேரம் வெளித்திண்ணையில் இருவரும் பேசினார்கள். அந்தப் பெண் அழுததையும் பார்த்தேன். நோயை மறைத்ததற்குத்தான் அழுதாராம், நோய்க்காக அன்று. உள்ளே வந்து என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், இந்த வியாதிக்கு வீட்டுல என்ன சமைக்கணும்?" என்பது. நோய் அடங்கியிருக்கும்போது வீட்டுச் சாப்பாடு எல்லாம் சாப்பிடலாம், எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விலக்கினால் போதும் என்றேன்.

தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாத்திரைல இப்படி எல்லாம் இருக்கும்னு யாரு தம்பி சொன்னா?" என்றார். அவர் கேட்டதும் நியாயந்தான்.

மருந்து மாற்றிய நான்காம் மாதத்தில் எண்ணிக்கை 2 கோடியே 80 இலட்சமாக உயர்ந்தது. நோயும் எழவில்லை. சென்ற வாரம் கிரியேட்டினின் சோதனைக்காகக் கணவரை அழைத்து வந்தவர் மனைவிதான். மாத்திரை அட்டையும் சோதனைத் தாள்களும் இப்போது அவருடைய கோப்பில் இருக்கின்றன. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகிறது, சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இன்னும் சில நாட்கள் பொறுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இரத்தக் கொதிப்பைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.